கொடை இரவும் பத்து மணியும்: குமரி வில்லுப்பாட்டு ஊடகம் மாறி வந்த கதை

சினிமாவும் டிவியும் வந்துதான் வில்லுப்பாட்டு போச்சு என்று நாகர்கோவில் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விழா மேடைகளிலும் இதையே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களின் கொடை விழாக்களில், இந்தக் கலை எப்படி மாறி வந்திருக்கிறது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞரைக் கொடுத்தது வில்லுப்பாட்டு ஊறிய இந்த மண். சினிமா மெட்டுகளை எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொண்டதும் வில்லுப்பாட்டுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கியே வாழ்ந்திருக்கின்றன.

வில்லுப்பாட்டைக் குறுக்கியது நேரம். வானொலியின் அரை மணி, கேசட்டின் ஒரு பக்கம், ஒலிபெருக்கிச் சட்டத்தின் இரவு பத்து மணி, கைப்பேசியின் ஒரு நிமிடம் என்று ஒவ்வொரு ஊடகமும் ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து பந்தலில் மாட்டியது. அந்தக் கடிகாரங்கள் கதையில் எதையெல்லாம் வெட்டின, எதை வளர்த்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கொடையில் வில்லுக்கு என்ன வேலை

கொடை என்பது ஊர்த் தெய்வத்துக்கு ஊரே வரி போட்டு எடுக்கும் விழா. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், பத்ரகாளி என்று தெய்வம் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் திங்கள் அல்லது வியாழன் இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு நடக்கும். மறுநாள் செவ்வாய் அல்லது வெள்ளி மதியக் கொடை, அன்று நள்ளிரவில் சாமக்கொடை. அதற்கு அடுத்த நாள் மஞ்சள் நீராட்டோடு முடியும். இவ்வளவு நேரமும் கோயில் நடைக்கு எதிரே பந்தலில் வில்லுக்காரர்கள் இருப்பார்கள். சாமியின் முகத்தைப் பார்த்தபடி பாடுவதுதான் முறை. முதல் கேட்பாளர் சாமி, அப்புறம்தான் நாம்.

மணிகள் தொங்கும் நீண்ட வில்லைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள். முதன்மையாகப் பாடுபவரைப் புலவர் என்றோ அண்ணாவி என்றோ சொல்வார்கள். அவர் இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துப் பாடுவார். குடத்தின் வாயை மட்டையால் அடிக்க ஒருவர், உடுக்கைக்கு ஒருவர், ஜால்ராவுக்கும் கட்டைக்கும் ஆள், கூடவே ‘ஆமா’ போட்டுப் பாட்டை வாங்கிப் பாடும் பக்கப்பாட்டுக்காரர்கள். கடவுளை வேண்டும் காப்பு, கதை இன்னதென்று சொல்லும் வருபொருள், குருவை வணங்கும் குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் என்று படிப்படியாக ஏறித்தான் கதைக்குள் நுழைவார்கள். கடைசியில் வாழி என்ற வாழ்த்தைப் பாடி இறங்குவார்கள்.

வெளியூர்க்காரர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கொடையில் பாட்டும் பூசையும் சேர்ந்துதான் நகரும். தெய்வம் பிறக்கும் கட்டம், கொலைப்படும் கட்டம், வரம் வாங்கி வரும் கட்டம் ஒவ்வொன்றும் பூசையின் ஒரு கட்டத்தோடு பொருந்த வேண்டும். அலங்காரம் முடியவில்லை என்றால் புலவர் வர்ணனையை நீட்டுவார். சாமியாடிக்கு அருள் வரும் நேரம் நெருங்கினால் அடியை முடுக்குவார், குடமும் உடுக்கையும் ஒன்றாக ஏறும். சாமி ஆடி முடித்து உட்காரும் வரை கதை அங்கேயே நிற்கும். எவ்வளவு நேரம் பாட வேண்டும் என்பதைச் சாமியும் பூசாரியும் கூட்டமும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கதை மூன்று மணி நேரமும் போகும், விடியும் வரையும் போகும்.

1970களின் பிற்பகுதியில் நாஞ்சில் நாட்டில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தக் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று இரண்டாகப் பிரித்தார். கைலாசத்தில் பிறந்து பூமிக்கு வரும் தெய்வங்கள் ஒரு வகை. இந்த மண்ணிலேயே வெட்டுப்பட்டும் ஏமாற்றப்பட்டும் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. கேட்பவர்களை உலுக்குவது இரண்டாவது வகைதான். பத்திரிகை இல்லாத காலத்தில் ஒரு கொலையை, ஒரு போரை, ஒரு சாதிக் கொடுமையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோன செய்தி ஊடகம் இதுவே. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் விழுந்த வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளையை இந்த ஊர்க்காரர்கள் பாட்டு வழியாகத்தான் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஊடகம் என்று சொல்லிவிட்டால் தணிக்கையையும் பேச வேண்டும். முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் சக்கிலியர் குலப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். அவர்களுடைய தகப்பன் கேட்டபடி பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைக்கிறான், மாட்டைக் காக்கப் போய்ச் சாகிறான். இதே கதை பின்னால் பாடப்பட்டபோது அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பகுதி ஒட்டிக்கொண்டது. நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்ந்த நா. வானமாமலை இதை எடுத்துக்காட்டி, பின்னால் சேர்க்கப்பட்டது என்று எழுதினார். ஆகவே வில்லுப்பாட்டு ஒரு காலத்தில் தூய்மையாக இருந்தது, பிறகுதான் ஊடகங்கள் வந்து கெடுத்தன என்று சொல்வதற்கில்லை. யார் பணம் கொடுக்கிறார்கள், யார் முன்வரிசையில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்துக் கதை அன்றைக்கும் வளைந்தது.

இரவுகளால் அளந்த ஊர்

வில்லுப்பாட்டு மட்டும் இப்படி நீண்டது என்று நினைக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் பொதுவாகவே கலையையும் வழிபாட்டையும் நாள் கணக்கிலும் இரவுக் கணக்கிலும்தான் அளந்தார்கள். வீட்டில் மராத்தி பேசும் தோல்பாவைக் கூத்துக்காரர்கள் இராமாயணத்தைப் பத்து இரவு காட்டினார்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையில் வந்து சிரிக்க வைப்பதற்காகவே பிள்ளைகள் இரவெல்லாம் தூங்காமல் காத்திருப்பார்கள். அய்யாவழிக் கோயில்களான பதிகளில் புனித நூலான அகிலத்திரட்டைத் திருஏடு வாசிப்பாகப் பதினேழு நாள் வாசிக்கிறார்கள். தக்கலை பீர்முகமது அப்பா தர்காவில் ஆண்டுக்கு ஓர் இரவு அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைக் கூடிப் பாடுகிறார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கதகளி ஆடிய இரவுகளும் உண்டு.

இந்து, முஸ்லிம், அய்யாவழி என்று வழிபாடு வேறுபட்டாலும் நீண்ட நேரம் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒலிநாடாவும் ஒளிபரப்பும் வந்தபோது முதலில் அசைந்தது இந்தப் பழக்கம்தான்.

ஒழுகினசேரிக்காரர் செய்த மாற்றம்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்த என். எஸ். கிருஷ்ணன், சிறுவனாக நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, அப்புறம் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1930களின் நடுவில் சினிமாவுக்குப் போனவர். கலைவாணர் என்று நாடே கொண்டாடிய பிறகும் ஊரின் வில்லை அவர் விடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துப்போய், காந்தி கதையை வில்லில் பாட வழி செய்தார்.

அதன் பெறுமானம் பெரியது. அதுவரை வில்லில் கதையாக வந்தவர்கள் பெரும்பாலும் தெய்வங்கள், தெய்வமாகிவிட்ட மனிதர்கள், பழைய வீரர்கள். காந்தியின் கதையும் ஒரு கொலையில் முடிந்த கதைதான். இறப்புக் கதையின் மரபுக்குள் அது இயல்பாகப் பொருந்தியது. ஆனால் சபா மேடையில் சாமி இல்லை, பூசாரி இல்லை, அருள் வந்து ஆடுகிறவர் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் இருந்தது. கதை இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் நகைச்சுவையும் வேண்டும்.

இதை இழப்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூசையிலிருந்து விடுபட்டதால் எந்தக் கதையையும் வில்லில் பாடலாம் என்றானது. 1954இல் மத்திய அரசு பாட்டு நாடகப் பிரிவைத் தொடங்கியது. அதன் பிறகு குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, எழுத்தறிவு, சிறுசேமிப்பு என்று அரசு சொல்ல நினைத்ததெல்லாம் வில்லில் ஏறியது. குமரி தேவாலயங்களில் விவிலியக் கதைகளை வில்லில் பாடினார்கள். தேர்தல் காலத்தில் கட்சிகளும் வில்லைப் பிடித்தன. சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் காலமானார். தென்மாவட்டத்துக் கோயில் பந்தல் கலை ஒன்று நாடறிந்த மேடைக் கலையானதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

ஆனால் அன்றிலிருந்து வில்லுப்பாட்டு என்ற ஒரே பெயரில் இரண்டு கலைகள் நடக்கின்றன. ஒன்று கொடையில், சாமிக்கு முன்னால். இன்னொன்று மேடையில், நிகழ்ச்சி நிரலில். வெளியூர்க்காரர்கள் பார்ப்பது இரண்டாவதை. அதை மட்டும் பார்த்துவிட்டு வில்லுப்பாட்டு இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வானொலியின் அரை மணி

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. கோடை இரவுகளில் இலங்கை வானொலியின் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த குமரிக் கடற்கரை ஊர்களுக்கு, தங்கள் பேச்சு வழக்கிலேயே ஒரு குரல் பெட்டியிலிருந்து வந்தது புதுமை. அப்புறம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் ஆல் இந்தியா ரேடியோ நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தைத் தொடங்கியது. இந்த நிகழ்வை நம் மாவட்டத்துக்காரர்களே அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு மாவட்டத்தின் மக்கள் தங்கள் விவசாயம், மீன்பிடி, பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் தாங்களே கேட்டுக்கொள்ள ஒரு நிலையம் என்ற எண்ணத்தை இந்தியா முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தது.

வில்லுக்காரர்களுக்கு வானொலி கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் தேர்வுக்குப் போய்த் தேறினால் தரம் கொடுப்பார்கள், தரத்துக்கு ஏற்ற சம்பளம் வரும். கொடை முடிந்ததும் தேங்காயும் துண்டும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு கைகட்டி நின்ற கலைஞருக்கு, அரசாங்கத்தின் ஒப்பந்தத் தாள் தபாலில் வந்தது. சாதியில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒருவரின் குரல், அவரைத் திண்ணையில் ஏற்றாத வீட்டின் நடுக்கூடத்தில் ஒலித்தது. கொடை நோட்டீஸ்களில் பெயருக்கு முன்னால் ‘வானொலிப் புகழ்’ என்று அச்சடிக்கத் தொடங்கியது அந்தப் பெருமையில்தான். அந்த இரண்டு சொற்களுக்காக ஊர்க் கமிட்டிகள் கூடுதல் தொகை கொடுத்தன.

வானொலி எடுத்துக்கொண்டதும் உண்டு. கால் மணி, அரை மணிக்குள் ஒரு கதை என்றால் எதை வெட்டுவது? காப்பு ஒரு வரியானது. குருவடியும் அவையடக்கமும் போயின. நாட்டு வளம் என்பது ஊர் வயலையும் குளத்தையும் மலையையும் புலவர் தன் சொந்தக் கற்பனையில் விரிக்கிற இடம். ஒரு புலவரின் கெட்டிக்காரத்தனத்தை அங்கேதான் அளப்பார்கள். ஒலிப்பதிவு அறையில் அதற்கு நேரமில்லை. எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றானபோது, கூட்டத்தைப் பார்த்து அந்த நேரத்தில் கட்டுகிற பாட்டும் குறைந்தது. கொலைக் கட்டத்தில் ஏறும் அடியும், அருள் வந்தவரின் குலவைக்கு நடுவே நிற்கும் பாட்டும் ஒலிபரப்பில் வர வழியில்லை.

இத்தனைக்கும் பழைய கலைஞர்கள் பலருடைய குரல் மிஞ்சியிருப்பது வானொலி நிலையங்களின் ஒலிநாடாக்களால்தான். சுருக்கினாலும் காப்பாற்றியது.

குழாய், கேசட், டிவி

மைக் செட் வந்த கதையை நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, கேட்பவர்கள் பந்தலுக்கு வர வேண்டிய தேவையை நீக்கியது. அடுப்படியிலிருந்த பெண்களுக்கும் படுக்கையில் கிடந்த முதியவர்களுக்கும் கதை போய்ச் சேர்ந்தது. அது பெரிய நன்மை. அதே நேரம் பந்தலில் கூட்டம் குறைந்தது. எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துப் பாடிய புலவர் மைக்கைப் பார்த்துப் பாடினார். வில்லின் மணியோசையும் உடுக்கையின் குழைவும் குழாயில் தேய்ந்துபோக, குடத்தின் அடி மட்டும் தூக்கலாகக் கேட்டது. பிறகு ஆர்மோனியம் சேர்ந்தது, அதற்கும் பிறகு கீபோர்டும் ரிதம் பேடும் வந்தன. ஒலிபெருக்கிக்கு எது நன்றாகக் கேட்குமோ அது பந்தலில் இடம் பிடித்தது.

கேசட்டின் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு பக்கம் முப்பது நிமிடம், பெரிய கேசட் என்றால் நாற்பத்தைந்து. நீண்ட கதைகள் பாகம் 1, பாகம் 2 என்று பிரிந்தன. கடையில் கேசட் வாங்குகிறவருக்குத் தெய்வக் கதை வீட்டிலும் காரிலும் கேட்கிற பொருளானது. கதையின் இடையே வரும் வசனமும் நகைச்சுவையும் சினிமா மெட்டும் விற்பனையைக் கூட்டின. அவை அடுத்த கொடையில் நேயர் விருப்பமாகத் திரும்பி வந்தன. ஒரே கதைக்கு ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகள், கேசட்டில் வந்த வடிவத்துக்கு முன்னால் மெல்ல வெளுத்தன. “கேசட்டுல இப்படி இல்லியே” என்று கேட்பவர்கள் வந்துவிட்டார்கள்.

டிவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்கத் தென்கரை ஊர்களில் உயரமான ஆன்டெனா நட்டார்கள். திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தைக் கொண்டுவந்தது. 1993இல் சன் டிவியும் ஏசியாநெட்டும் வந்து, கேபிள் கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் போனபோது, இரண்டு மொழியும் தெரிந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரட்டை விருந்து. தொடர் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு வருவோம் என்றானதால் கொடையின் முன்னிரவு காலியானது. ஆட்கள் வர ஒன்பது மணி ஆனது. இந்த ஒன்பது மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணி

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு விரும்பினால் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்; அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கொடைகள் அதிகம் நடக்கும் பங்குனியும் சித்திரையும் பிள்ளைகளின் தேர்வுக் காலம். நோயாளிகள் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு குழாய் கட்டி விடிய விடிய அலறவிட்ட நாட்களை யாரும் மறக்கவில்லை. சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அது வில்லுப்பாட்டின் மேல் விழுந்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். கதையின் உச்சம் சாமக்கொடையோடு சேர்ந்து நள்ளிரவில் வர வேண்டும் என்பது மரபு. டிவியால் பாட்டு தொடங்குவது ஒன்பது மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. இப்போது முடிவும் பத்துக்கோ பன்னிரண்டுக்கோ இழுக்கப்பட்டது. இரண்டு பக்கமும் நெருக்க, நடுவில் கதைக்கு மிஞ்சியது மிகக் கொஞ்சம். காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிய கமிட்டிக்காரர் கடிகாரத்தைக் காட்ட, புலவர் கொலைக் கட்டத்தை நாலு வரியில் சொல்லிவிட்டு வாழிக்குப் போக வேண்டியதாயிற்று.

ஒரு பெண் எப்படி ஏமாற்றப்பட்டாள், யார் கொன்றார்கள், ஊர் ஏன் வாய் மூடி இருந்தது என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வரும். அதைக் கேட்டுத்தான் இசக்கி ஏன் இவ்வளவு கோபக்காரி என்று ஒரு பிள்ளைக்குப் புரியும். அந்தக் கட்டம் இல்லாத கொடையில் இசக்கி வெறும் அலங்காரச் சிலையாக நிற்கிறாள்.

இதே நேரத்தில் கொடையின் செலவுப் பட்டியலும் மாறியது. கேரளத்துச் சிங்காரி மேளம், மின்னலங்காரம், இன்னிசைக் கச்சேரி எல்லாம் ஏறின. அவை கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரிகிறவை, படம் பிடிக்கத் தோதானவை, எந்த நேரத்திலும் நிறுத்திக்கொள்ளக்கூடியவை. ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு மேளக்காரர்கள் வண்டியேறலாம். பாதியில் நிறுத்தினால் பொருள் கெட்டுப்போவது கதைக்குத்தான். புதிய நேரக் கணக்கில் வில்லுப்பாட்டு தோற்றதற்கு முதல் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

பாடியவர்களும் பாடப்படாதவர்களும்

வில்லுப்பாட்டில் பெண்கள் பின்னால்தான் வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கொட்டாரம் பக்கத்தில் வாழ்ந்த பூங்கனி, சிறுமியாக இருந்தபோதே வில்லெடுத்தவர். கோயில் கோயிலாகப் போய்க் கொடைக்குக் கூட்டம் சேர்த்த நட்சத்திரம் அவர். கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018இல் காலமானார். நூற்றுக்கணக்கான இரவுகள் பாடிய ஒரு குரலில் முழுக் கதையாகப் பதிவாகி மிஞ்சியது மிகச் சிறிது. இது நம் மாவட்டத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு. வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒருவர் இருந்திருந்தால் அவர் பெயரில் ஒரு பள்ளியே இருந்திருக்கும்.

இங்கே சினிமாவையும் ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே. சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அவர் எடுத்த மௌனப் படத்தில் நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி என்ற தலித் பெண். உயர்சாதிப் பெண் வேடத்தில் அவரைத் திரையில் பார்க்கப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரம் கொட்டகையில் கலகம் செய்தார்கள், அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர் நாகர்கோவில் பக்கம் வந்து வேறு பெயரில் குடும்பம் நடத்தி வாழ்ந்து மறைந்தார் என்று பின்னால் தேடிப்போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். டேனியலும் எல்லாவற்றையும் இழந்து 1975இல் இறந்தார். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.

அநியாயமாகத் துரத்தப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கி விடிய விடிய அவள் தரப்பைப் பாடுகிற ஊரில், ரோசி எவருக்கும் தெரியாமல் வாழ்ந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு முழுக் கதை வருவதற்கு இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அவர் கதையை இன்று வில்லில் ஏற்ற ஒரு புலவர் முன்வந்தால் அது மரபுக்கு வெளியே போவதாகாது. காந்தியை ஏற்றிய வில் இது.

கைப்பேசி வந்த பிறகு

2016க்குப் பிறகு மலிவான இணையம் வந்தது. கொடைப் பந்தலில் புகைப்படக்காரருக்குப் பக்கத்தில் நேரலைக்காரர் நின்றார். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது கொடைக் காலம் நடுவில் இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு. கொடை வருமானத்தை நம்பியிருந்த கலைஞர்கள் இரண்டு பருவத்தை இழந்தார்கள். யூடியூப் அப்போது வழியாகவும் இருந்தது, வதையாகவும் இருந்தது. பாடுவதற்கு ஓர் இடம் கிடைத்தது. பணம் கிடைத்தது வெகு சிலருக்கே.

ஆனால் வேறொன்று நடந்தது, அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வளைகுடாவிலும் மும்பையிலும் சென்னையிலும் இருக்கும் குமரிக்காரர்கள் வரியைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டுக் கொடையை நேரலையில் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பத்து மணிச் சட்டம் இல்லை, தொடர் நேரம் இல்லை. முழுதாகப் பதிவான ஒரு கொடை மூன்று, நான்கு மணி நேர வீடியோவாகக் கிடக்கிறது, வேண்டியபோது கேட்கலாம். வானொலியும் கேசட்டும் கொடுக்காத நீளத்தை இணையம் கொடுக்கிறது. நேரம் குறுகிக்கொண்டே வந்த இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு ஊடகம் நேரத்தைத் திருப்பித் தந்திருக்கிறது.

அதே இணையத்தில்தான் ஒரு நிமிடத் துண்டுகளும் ஓடுகின்றன. சாமியாடியின் முகம், குடத்தின் வேகமான அடி, புலவரின் ஒரு நகைச்சுவை. இந்தத் துண்டுகளைப் பார்த்து யாரும் கதையைத் தெரிந்துகொள்ள முடியாது. அருள் வந்து ஆடுகிறவரை அவர் வீட்டுக்காரர்கூடத் தொட்டுத் தாங்க யோசிக்கிற நேரத்தில், அவர் முகத்தைச் சிரிப்புக் குறியோடு ஆயிரம் பேர் பகிர்வது என்னை வேதனைப்படுத்துகிறது.

புதிய சினிமாவும் ஒரு வழி காட்டியிருக்கிறது. 2025இல் வந்த ஒரு மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியை நாடு முழுவதும் பார்க்கும் வீரநாயகியாக்கியது. அந்தக் கள்ளியங்காடு நாகர்கோவில் பார்வதிபுரத்துக்கு அடுத்து இருக்கிறது என்று சொன்னால் படம் பார்த்த பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் கள்ளிச் செடியைச் சாட்சியாக்கி மறுபிறவியில் வந்து கணக்குத் தீர்க்கும் நீலி கதை, வில்லில் காலங்காலமாகப் பாடப்பட்டு வந்தது. படம் அந்தப் பெயரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. கதையைக் கொண்டுவர வேண்டியவர்கள் பந்தலில் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

மூன்று காரியங்கள் தோன்றுகின்றன. திருநெல்வேலி, நாகர்கோவில் வானொலி நிலையங்களில் இருக்கும் பழைய வில்லுப்பாட்டு ஒலிநாடாக்களை, பாடியவர்களின் குடும்பத்துக்குத் தெரிவித்து, பொதுவில் கேட்கும்படி வெளியிட வேண்டும். மாவட்டத்தில் இருக்கும் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மூத்த புலவர்கள் ஒவ்வொருவரையும் ஒரு முழுக் கதை பாடச் சொல்லி, நாட்டு வளமும் வாழியும் உட்பட, எதையும் வெட்டாமல் பதிய வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகங்களையும் படியெடுக்க வேண்டும். ஆய்வுக்கு மாணவர்களும் இருக்கிறார்கள், கருவியும் கைக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது ஊர்க் கமிட்டிகள் கையில் இருக்கிறது, செலவே இல்லாதது. பாட்டை ஒன்பது மணிக்குப் பதில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கலாம். நள்ளிரவு வரை அனுமதி கிடைக்கும் ஊரில் ஆறு மணி நேரம் கையில் இருக்கும். காப்பிலிருந்து கொலைக் கட்டம் வரை எதையும் வெட்டாமல் பாடிவிட்டுச் சாமக்கொடைக்கு வந்து சேரலாம். பத்து மணிதான் என்றாலும் நான்கு மணி நேரம், அதுவும் இப்போது கிடைப்பதைவிட அதிகம். சிங்காரி மேளத்தை மதியக் கொடைக்கு மாற்றிவிடலாம். புலவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே எந்தக் கதை, எத்தனை மணிக்குத் தொடக்கம், முழுதாகப் பாட வேண்டும் என்று பேசி, நோட்டீஸில் மேளத்தின் பெயருக்கு மேலே கதையின் பெயரை அச்சடிக்கச் சொல்லலாம்.